வடக்கே என்று சொன்னவன்

மூழ்குவதற்கு முன் அவள் மூச்சை வெளியே விட்டுவிடுகிறாள்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு ஒரு மணி நேரமாக அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் என்பது ஒரு யானைச் சீல், கடல்நாய் இனத்திலேயே பெரியது. வட பசிபிக்கில், எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லாத தூரத்தில், தனியாக நீந்திக்கொண்டிருப்பவள். அவளைப் பற்றிய படம் ஒன்றுக்குத் தமிழில் வர்ணனை எழுதி, நானே பேசியும் தருவதாகக் காக்கநாட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டி ஒன்றின் மாடியில் என் அறை. கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் சுக்குத் தூசி படியேறி வரும். கடலைப் பற்றி எழுதிக்கொண்டே தும்மிக்கொண்டிருப்பேன்.

தம்பி வந்தான். மறுநாள் கடலுக்குப் போகிறவன். தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் தூண்டில் படகு ஒன்றில் அவன் ஸ்ராங்கு. படகை ஓட்டுகிறவன், எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவெடுக்கிறவன். எங்கள் ஊர் கன்னியாகுமரிக் கடற்கரையில். அங்கிருந்து ஆண்களில் பாதிப்பேர் கொச்சிக்கு வந்துதான் படகேறுகிறார்கள். ஒருமுறை போனால் முப்பது நாள், நாற்பது நாள். போவதற்கு முந்தின நாள் மதியம் என் அறையில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டுப் போவான்.

எச்சில் கையோடு கணினித் திரையைக் குனிந்து பார்த்தான்.

“எக்கா, இது தப்பு.”

“எது?”

“மூச்ச விட்டுட்டு எவளாவது முங்குவாளா? இழுத்துப் பிடிச்சிட்டுல்லா முங்கணும்.”

“அவ அப்படித்தான். நெஞ்சுல காத்த வச்சுக்கிட்டுப் போனா ஆழத்துல நெரிச்சிரும். அவளுக்கு மூச்சு ரத்தத்துல இருக்கு, தசையில இருக்கு.”

கொஞ்ச நேரம் மென்றுகொண்டே யோசித்தான். “சரிதான். நானும் விசிறிக்குக் கீழ போறப்ப பாதி மூச்ச விட்டுருவேன். நெறச்சுப் பிடிச்சா தண்ணி மேல தூக்கி எறிஞ்சிரும்.”

படகின் அடியில் சுழலும் விசிறியில் கயிறோ அறுந்த வலையோ சுற்றிக்கொண்டால் கத்தியைக் கடித்துக்கொண்டு முங்குகிறவன் அவன்தான். ஸ்ராங்கு முங்கக் கூடாது, அவனுக்கு ஒன்று ஆனால் மற்றவர்களுக்கு வழி தெரியாது என்பார்கள். அவன் கேட்டதில்லை.

திரையில் ஒரு வரைபடம் இருந்தது. நீலத்தின் நடுவே மயிரிழை போல ஒரு கோடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம்.

“இது ஆரு வரஞ்சது?”

“அவதான். தலையில ஒரு பெட்டி ஒட்டி விட்டிருக்காங்க. மேல வந்து தலைய நீட்டுறப்ப மட்டும் எங்க இருக்கான்னு அது சொல்லும். கீழ போயிட்டா ஒண்ணும் தெரியாது.”

“பாவம். எனக்க படகுலயும் ஒண்ணு வச்சிருக்கானுவோ.”

“அவளுக்கு வருஷத்துக்கு ஒருதடவ முடி கொட்டும். அதோட பெட்டியும் விழுந்துரும்.”

“எனக்குக் கொட்டுததுக்கு எங்க முடி இருக்கு?” வழுக்கையைப் புறங்கையால் தடவிக்கொண்டான். “நான் சுவிச்ச அமத்திருவேன்.”

சிரித்தோம். பிறகு அவன் விரல், மீன்கறி மஞ்சளோடு, திரையின் மேல் போயிற்று. தட்டிவிடப் போனேன். ஆனால் அவன் படித்துக்கொண்டிருந்தான். நான் எழுத்தைப் படிப்பதைவிட வேகமாக அந்தக் கோட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

“இஞ்ச வர நேரா வந்திருக்கா. இஞ்ச வந்ததும் சுத்திச் சுத்தி நிண்ணுருக்கா. ரெண்டு தண்ணி சேருத எடம் இது. சரியா?”

சரி. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் முட்டிக்கொள்ளும் எல்லை அது என்று என் குறிப்பில் இருந்தது. அந்த எல்லையில்தான் சின்னச் சின்ன விளக்கு மீன்களும் கணவாய்களும் திரளும். பகலில் அவை ஆழத்துக்கு இறங்கும், அவளும் இறங்குவாள். பொழுது சாய்ந்தால் அவை மேலே ஏறும், அவளும் ஏறுவாள். வெளிச்சம் எட்டாத இடத்தில் மீன் அசைந்த நீரின் நடுக்கத்தை மீசை முடியால் தொட்டு அறிந்து பிடிப்பாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பசிச்சவ சும்மா சுத்தமாட்டா.”

சாயாக் கிளாஸை எடுத்து மேசையின் நடுவே வைத்தான். “இது பாரு.” கடலுக்கு அடியில் நிமிர்ந்து நிற்கும் மலையை எங்கள் பக்கம் பார் என்போம். “வடக்கப் பக்கம் சரிவா எறங்கும். எல்லாவனும் அங்கதான் நிப்பான். தெக்க விளிம்பு செங்குத்து. கீழ இருந்து குளிர்ந்த தண்ணி முட்டி மேல வரும். அதோட கணவா ஏறும். கணவாக்குப் பொறத்தால பெரிய மீனு. வடக்க நிண்ணா ஒரு கணவா கெடைக்காது.”

“அப்ப எல்லாரும் தெக்க வந்துருவாங்களே.”

“நான் எங்க சொன்னேன்? வயர்லெஸ்ல வடக்கன்னுதான் சொல்லுவேன்.”

வயர்லெஸ்ஸில் எந்த ஸ்ராங்கும் தான் நிற்கும் இடத்தைச் சொல்வதில்லை. கேட்கிறவனுக்கும் அது தெரியும். இருந்தாலும் கேட்பான், இவனும் ஒன்றைச் சொல்வான். கடலில் அது பொய்யாகாது. ஊரில் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டால் பசியோடு இருப்பவனும் ‘ஆச்சு’ என்பதைப்போல.

“பொண்டாட்டிகிட்டயும் சொல்லப்பிடாது, அதுதான் மொற.”

“பிறகு என்கிட்ட ஏன் சொல்ற?”

“நீ எழுதுறவ. நீ என்ன சொன்னாலும் ஆரு நம்புவா?”

மலையை எடுத்துக் குடித்துவிட்டுக் காலிக் கிளாஸை அதே இடத்தில் வைத்தான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் தலையில் என் கையையே வைத்துச் சத்தியம் வாங்கினான். கை மீன்கறி மணத்தது.

*

அவன் போன இருபத்தாறாம் நாள் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னார்கள். படகுகள் திரும்ப வேண்டும் என்று தோப்பும்படியில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பின. துறைமுகத்துக்குப் போய் நின்றேன். எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் படகுகள் தோளோடு தோள் நெருங்கி, இடமில்லாமல் ஒன்றோடொன்று கட்டப்பட்டன. தம்பியின் படகு இல்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர், இன்னொரு படகின் ஸ்ராங்கு, இருபது வருடமாகத் தம்பிக்குப் போட்டி, கடைசியாக அவனோடு பேசியவர். கரையில் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து, கூடி நின்றவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஒரே சொற்களில் சொன்னார்.

“வாலேன்னு கூப்பிட்டேன். விசிறியில ரோப்பு சுத்திருக்கு, முங்கி அறுத்துட்டு வாறேன், நீங்க போங்கன்னான். எங்கல நிக்கன்னு கேட்டேன். பாருக்கு வடக்கன்னான். பொறவு சத்தம் இல்ல.”

அலுவலகத்தில் குறித்துக்கொண்டார்கள். பார், வடக்கு. படகிலிருந்த கருவி நான்கு நாளாகப் பேசவில்லை என்று ஓர் அதிகாரி சொன்னார். பழுதா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தேடும் விமானம் வடக்கே போயிற்று.

தம்பி மனைவி ஊரிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். ஒரு பை, ஒரு ஜெபமாலை, கசங்கிய முகம். என் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை. “வடக்க தேடுதாங்கல்லா மைனி? கிட்டிரும்லா?”

கிட்டிவிடும் என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை.

வடக்கே என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது, உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அவன் வழக்கப்படி சொல்லியிருந்தால் அவன் தெற்கே இருக்கிறான். பாரின் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஓட்டம். ஆனால் விசிறியில் கயிறு சுற்றி, காற்று ஏறிக்கொண்டிருக்க, நடுக்கடலில் நகர முடியாமல் நிற்கும் ஒருவன், கேட்டதும் உண்மையைத்தானே சொல்லியிருப்பான்? அப்படியென்றால் அவன் வடக்கேதான். நான் போய்த் தெற்கே என்று சொன்னால், அவன் தலைக்கு மேல் வந்துகொண்டிருக்கும் விமானத்தை என் கையாலேயே திருப்பிவிட்டவள் ஆவேன். சொல்லாமல் இருந்தாலும் கொல்லலாம், சொன்னாலும் கொல்லலாம். சத்தியமெல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முதல் நாள் விமானம் திரும்பி வந்தது. ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் காலை மறுபடி போயிற்று. மழை விட்டு விட்டுப் பெய்தது. கீழே மண்டியில் சாக்குகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். வேலை செய்வது போல் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டேன். முடிக்காத வரிகள் கிடந்தன. அவள் மேலே தங்குவது இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அதற்குமேல் தங்கமாட்டாள். சுறாவும் கொலைத் திமிங்கிலமும் மேல்நீரில்தான் சுற்றும். மூச்சு இருக்கும் இடத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. ஆகையால் அவள் மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்னைக் காட்டாமல் கீழே போய்விடுகிறாள். தூங்குவதும் கீழேதான், மல்லாந்து, உதிர்ந்த இலை போலச் சுழன்று சுழன்று ஆழத்துக்குள் விழுந்தபடி தூங்குகிறாள். நேற்றுவரை இதை அழகு என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்று படித்தால் ஒளிந்து ஒளிந்து வாழும் ஒரு பிராணி தெரிந்தது. எதிரி கேட்கிறானோ இல்லையோ, மேலே வந்தாலே மறைக்கப் பழகிய பிராணி.

உதவிக்குக் குரல் கொடுக்கும்போதும் அவனுக்கு அந்தப் பழக்கம் விடுமா?

தம்பி மனைவி பின்னால் வந்து நின்றிருக்கிறாள். திரையில் அந்த வரைபடம்.

“இது என்ன மைனி?”

“ஒரு சீல் போன வழி. கடல்ல.”

கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள்.

“இது எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். செருப்பை மாட்டினேன். அவளும் பையைக்கூட எடுக்காமல் கூடவே படியிறங்கினாள். ஆட்டோவில் ஏறி, பஜார் சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பாதி வழியில் இறங்கி நடந்துவிடலாமா என்று தவித்து, தோப்பும்படி போய்ச் சேர்ந்தோம்.

அவர் அதே கயிற்றுச் சுருளின் மேல் இருந்தார். பீடி பற்றவில்லை, ஈரம்.

“அண்ணே, அவன் வேற என்ன சொன்னான்?”

“சொன்னேனேம்மா. ரோப்பு சுத்திருக்கு, வடக்க—”

“அது வேண்டாம். அதுக்கு முன்னால. ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“முன்னால என்னத்த பேசுவோம். சும்மா கத. காலத்த சாப்பாடு என்னலன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். கணவாக் கறி வச்சு வச்சு பயலுவளுக்கு வெறுத்துப் போச்சு அண்ணே, இனி கணவான்னு சொன்னா என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுருவானுவோன்னான்.”

“கரையிலேருந்து இரைக்குக் கொண்டுபோன கணவாயா இருக்குமோ?”

“அது மொத வாரத்துலயே தீந்திருக்குமே.”

“அப்ப, வடக்க கணவா கெடைக்குமா அண்ணே?”

பீடியைக் கீழே போட்டார். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

“கெடைக்காது,” என்றார் மெதுவாக. “வடக்க ஒரு கணவா கெடைக்காது.”

“தெக்க விளிம்புல நிக்கான். செங்குத்தா எறங்குற எடத்துல. அவன் எப்பவும் அங்கதான் நிப்பான். வடக்கன்னுதான் சொல்லுவான்.”

சொல்லிவிட்டேன். மழை, டீசல் நாற்றம், படகுகள் உரசும் சத்தம். அவர் எழுந்து நின்றார். முகத்தில் பயம் இருந்தது; தம்பிக்காகப் பயந்த பயம், அதில் கலப்பு இல்லை. ஆனால் பயத்துக்குக் கீழே, ஒரு நொடி, வேறொன்றும் மினுங்கிப் போனதைப் பார்த்தேன்.

“ஓ,” என்றார். “அங்கயா நிக்கான்.”

இருபது வருடம் தேடியவர்.

பிறகு அவர் நிற்கவில்லை. அலுவலகத்துக்கு ஓடினார். ரெண்டு நாளு நீவாடு மேக்க இழுத்திருக்கும், விளிம்புலேருந்து மேக்க மேக்க பாக்கணும் என்று படியிலேயே கத்திக்கொண்டு போனார். நீவாடு என்றால் நீரோட்டம். காற்று சற்றுத் தணிந்திருந்தது. அனுமதி வருவதற்குள் ஆறு படகுகளில் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கரை சேர்ந்து ஒரு வேளைச் சோறு தின்ற ஆட்கள் மறுபடி ஏறினார்கள்.

என் முழங்கை லேசாகிவிட்டிருந்தது. திரும்பினேன். தம்பி மனைவி கையை எடுத்துவிட்டிருந்தாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா, மைனி?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“எங்கிட்ட சொல்லலியே அவிய. பத்தொம்பது வருஷம்.” ஜெபமாலையை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். “ரெண்டு நாளு நான் வடக்கப் பாத்து ஜெபிச்சுக்கிட்டிருந்தேன்.”

*

மூன்றாம் நாள் காலை ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வர முடியாது என்று சொல்லத் திறந்த வாயைத் தம்பி மனைவி மூடினாள்.

“போங்க. இஞ்ச இருந்து என்ன செய்யப் போறிய? தகவல் வந்தா நான் கூப்பிடுதேன்.”

குரலில் கோபம் இல்லை. என்னோடு ஒரே அறையில் இருக்க அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அதைப் புரிந்துகொண்டு கிளம்பினேன். வைட்டிலாவில் பேருந்து மாறும்போது தொலைபேசியைப் பதினைந்து முறை பார்த்திருப்பேன். சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன், கூட்டிவைத்தேன், மறுபடி பார்த்தேன்.

ஒலிப்பதிவு செய்கிறவன் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன்களில் ஒருவன். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, தமிழ் பேசுவான், எழுத்து மட்டும் மலையாளம்தான் வரும். என் பிரதியைப் பார்த்துத் தொடரமுடியாது என்பதால் நான் வாசிப்பதைக் காதால் கேட்டு மலையாளத்தில் குறித்துக்கொள்வான். செய்தியெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

“சேச்சி, சாயா குடிச்சிட்டு போகாம். ஃபோன என்ட கையில தாங்க. உள்ள ரேஞ்சு கிட்டாது. விளிச்சா நான் எடுக்கும், பட்டன் அமுக்கி சொல்லும். போதும்ல்லே?”

போதும் என்றேன். சாயா குடிக்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தியதும் உலகத்தின் சத்தம் முழுக்க அறுந்துபோனது. காதில் மாட்டிய கருவியில் என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது, யாரோ ஒருத்தி எனக்குப் பின்னால் நிற்பதுபோல. சிவப்பு விளக்கு எரிந்தது. வாசித்தேன்.

“மூழ்குவதற்கு முன் அவள் மூச்சை வெளியே விட்டுவிடுகிறாள். இதயத் துடிப்பு குறைகிறது. கை கால் துடுப்புகளுக்கு ஓடும் ரத்தமும் குறைகிறது. இருபது நிமிடம், முப்பது நிமிடம். இனி அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.”

கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டேன். “ஒண்ணு கூடி, சேச்சி,” என்று அவன் குரல் வந்தது. மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே சொல்லை விழுங்கினேன். அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றான். போனோம்.

“மாதக்கணக்கில் தனியாக அலைகிறாள். ஆனால் வயிற்றில் குட்டி வளர வளர, எந்த நாளில் திரும்பத் தொடங்கினால் நேரத்துக்குக் கரை சேரலாம் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று கணக்கு வைத்திருக்கிறது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒரு நாள் தலையைத் திருப்புகிறாள். பிறகு கோடு வளைவதில்லை—”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தொலைபேசி மேசைமேல் நடுங்கி நகர்வதைப் பார்த்தேன். அவன் எடுத்தான்.

அவன் வாய் அசைந்தது. கேட்டான். தலையைக் குனிந்தான். எழுந்து நின்றான். ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். எனக்கு முதுகு காட்டித் திரும்பினான். ஏன் திரும்புகிறான்? கெட்ட செய்தியைக் கேட்பவன்தானே முகத்தை மறைப்பான்? என் காதில் என் மூச்சு. நான் எழுந்திருக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். சுவர்ப் பஞ்சில் கையை ஊன்றினேன், பஞ்சு உள்ளே போயிற்று. அவன் திரும்பி என்னைப் பார்த்துப் பேசினான். வேகமாக, கையை ஆட்டி ஆட்டி, கண்ணில் தண்ணீரோடு பேசினான். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. பட்டனை அமுக்க மறந்துவிட்டான். “பட்டன்! பட்டன்!” என்று கத்தினேன். என் கத்தல் எனக்கே காதை அடைத்தது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அந்த வாயின் அசைவில் ஒரு ‘இல்ல’ இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது போலவும் தெரிந்தது, இல்லாதது போலவும் தெரிந்தது.

பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டு குனிந்து அமுக்கினான்.

“—கிட்டி சேச்சி! கிட்டி! எல்லாரும் உண்டு!”

“எல்லாருமா?”

“பதினொண்ணு பேரும். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல, சேட்டனுக்கு மட்டும் தோள்ல அடி. விளிச்சது சேட்டன்ட ஒய்ஃப்.”

“எங்க கெடச்சாங்க?”

“தெக்க. தெக்க விட்டு மேக்கன்னு சொல்லி.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கதவைத் திறந்துகொண்டு சாயாவோடு வந்தான். அப்போதும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. “நீங்க ‘பட்டன்’னு விளிச்சது எல்லாம் ரெக்கார்டு ஆயி. வெட்டணும்ல்லே?” என்றான் தயக்கமாக. வெட்டு என்றேன்.

*

தம்பியின் படகைக் கட்டி இழுத்து வந்தது அந்தப் போட்டிக்காரரின் படகுதான். அவர் முன்னால் நின்று கயிற்றை எறிந்தார். தம்பி கட்டுப்போட்ட தோளோடு, உப்பில் வெந்த உதடுகளோடு, கரையில் கால் வைத்தான். மனைவி அவன் நெஞ்சில் இரண்டு முறை குத்தினாள், பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் தலைக்கு மேலாக அவன் என்னைப் பார்த்தான்.

“ஆரு சொன்னா?”

“நான்.”

தலையை ஆட்டினான். கோபமா, என்னவோ, அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அறைக்கு வந்தபோதுதான் கேட்டேன்.

“ஏம்ல வடக்கன்ன? அந்த நேரத்துலயும்?”

“ஒரு முங்கு, அறுத்துரலாம்னு நெனச்சேன் எக்கா. வாயில அதுதான் வந்துது. இருபது வருஷமா பழகுன வாயி.” ஒரு கையால் கப்பையைப் பிய்த்தான். “முங்கினேன். அல தூக்குச்சு, படகு அப்படியே தோள்மேல எறங்குச்சு. பயலுவோ என்னைத் தூக்கிப் போடுததுக்குள்ள ஒரு அல உள்ள வந்து வயர்லெஸ் செட்டு நனஞ்சு போச்சு. பொறவு ரெண்டு நாளு செத்த செட்டுகிட்ட வாய வச்சு, தெக்க, தெக்கன்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன். பயலுவோ எனக்குப் புத்தி பேதலிச்சிட்டுன்னு நெனச்சானுவோ.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

தோள் ஆறி அவன் மறுபடி போன முறை, தெற்கு விளிம்பில் பதினான்கு படகுகள் நின்றனவாம். திரும்பி வந்து இதைச் சொன்னபோது குரலில் குற்றச்சாட்டு இல்லை. பக்கத்து வீட்டு மாடு நம் தோட்டத்தில் மேய்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். முதலில் வந்து நின்றது அவனை இழுத்து வந்தவருடைய படகு. வயர்லெஸ்ஸில் அவரிடம் எங்கே நிற்கிறீர்கள் என்று இவன் கேட்டானாம். வடக்கே என்று பதில் வந்ததாம். கண்ணுக்கு எட்டும் தூரத்தில், கையை ஆட்டியபடி.

போன வாரம் மறுபடி கிளம்பினான். வழக்கம்போல முந்தின நாள் மதியம் வந்தான், தின்றான். படம் வெளியாகிவிட்டது, காட்டட்டுமா என்றேன். பிறகு பார்க்கிறேன் என்றான். சாயாக் கிளாஸை மேசையில் வைக்கவேயில்லை, குடித்து முடிக்கும்வரை கையிலேயே வைத்திருந்தான். இந்த முறை எந்தப் பார், எந்த விளிம்பு என்று ஒரு சொல் வரவில்லை. நானும் கேட்கவில்லை. படியிறங்கும்போது, தும்மலுக்கு மருந்து எடு என்று மட்டும் சொன்னான்.

நேற்றுக் காலை அவன் மனைவி ஊரிலிருந்து அழைத்தாள். மழையைப் பற்றி, பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலுக்குள் ஒரு மினுக்கம்.

“மைனி, இந்தத் தடவ அவிய எங்கிட்ட எடத்தச் சொல்லிட்டுல்லா போயிருக்காவ. ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு. நீங்க எங்கிட்ட கேக்கப்பிடாது, கேட்டியளா?”

“கேக்கமாட்டேன்.”

“கேட்டாலும் சொல்லமாட்டேன்.”

“சரிம்மா.”

உண்மையான இடத்தையா சொன்னான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் இன்னும் ஏதோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே லாரியிலிருந்து சுக்கு மூட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. வானிலைச் செய்திக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.